தொடக்க வகுப்பில் ஆங்கில வாசிப்பும் கதைகூறலும்: இரு இறக்குமதி முறைகள் குறித்து

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலத்தை எப்படித் தொடங்குவது என்ற வாதம் பெரும்பாலும் இரு தரப்பாகப் பிரிந்தே நடக்கிறது. எழுத்துக்குரிய ஒலியைச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழக்க வேண்டும் என்பது ஃபோனிக்ஸ் தரப்பு. கதைப் புத்தகங்களைக் கை நிறையக் கொடுத்தால் மொழி தானே வந்துவிடும் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் வலுவான ஆய்வுச் சான்றுகள் உண்டு. அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. அந்தச் சான்றுகள் எந்தக் குழந்தைகளிடம் திரட்டப்பட்டவை என்ற கேள்வியை மட்டும் கேட்கிறேன். கதைமுறை வென்ற இடத்தில் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தது. ஒலிமுறை வென்ற இடத்தில் அவர்களுக்கு மொழி தெரிந்திருந்தது. நம் ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இரண்டுமே இல்லை.

கதைத் தரப்பு அதிகம் எடுத்துக்காட்டும் ஆய்வு ஃபிஜித் தீவில் நடந்தது. வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1983இல் வெளியிட்ட அந்த ஆய்வு ‘புத்தக வெள்ளம்’ என்ற பெயரில் அறியப்படுகிறது. கிராமப்புறப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்புகளுக்குப் படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் தரப்பட்டன. சில பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் தாமாகவே மௌனமாகப் படித்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர் பெரிய எழுத்துப் புத்தகத்தை எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு, நியூசிலாந்தின் டான் ஹோல்டவே வகுத்த முறையில், பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். ஒப்பீட்டுக்கான பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் வழக்கமான பாடமே தொடர்ந்தது. முதல் ஆண்டின் முடிவிலேயே புத்தக வகுப்புகள் வாசித்தறிவதிலும் கேட்டறிவதிலும் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தன. இரண்டாம் ஆண்டில் அந்த நன்மை எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது.

இந்தப் பிள்ளைகள் யார்? ஃபிஜி மொழியினர் ஒரு பகுதி. மறுபகுதி இந்திய வம்சாவளியினர். பின்னவரில், பாரதி கண்ணீரோடு பாடிய அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு 1903 முதல் கப்பலேறிய தென்னிந்தியர்களின் சந்ததியும் உண்டு. அன்றைய ஃபிஜியில் முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியில் நடந்தன. ஆங்கிலம் தனிப்பாடமாக இருந்து, நான்காம் வகுப்பில்தான் பயிற்றுமொழியானது. ஆக, புத்தகம் கைக்கு வந்தபோது வாசிப்பு என்றால் என்னவென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஃபிஜி மொழி ரோமன் எழுத்திலேயே எழுதப்படுவது, அதுவும் ஒலிக்கேற்ற நேரான எழுத்துமுறையில். வெள்ளம் பாய்ந்தபோது வாய்க்கால் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கிடைத்த முடிவை ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவோர் இதைச் சொல்வதில்லை.

ஒலிமுறைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் 2006இல் அளித்த அறிக்கைக்குப் பின் முறைப்படுத்தப்பட்ட ஃபோனிக்ஸ் அரசுக் கொள்கையானது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு 44 அளவிலான ஒலிகளை எழுதும் மொழி ஆங்கிலம். ஃபிலிப் சீமோர் முதலியோர் 2003இல் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் முதல் ஆண்டு இறுதியில் பழகிய சொற்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகளோ 34 விழுக்காட்டையே எட்டினார்கள். தாய்மொழியாகப் பேசுபவர்க்கே இந்தப் பாடு என்றால், ஒலி–எழுத்து உறவை வெளிப்படையாகக் கற்றுத்தராமல் முடியாது. ஆனால் அந்தக் குழந்தை வகுப்பறைக்குள் நுழையும்போதே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் பேசவும் கேட்கவும் அறிந்தது. கூட்டிப் படித்தவுடன் காதில் விழும் சொல் அதற்கு ஏற்கெனவே அறிமுகமானது.

இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனை இதை நன்கு விளக்கும். அதில் 40 சொற்கள். அவற்றில் பாதி பொருளற்ற போலிச் சொற்கள். ‘இதற்குப் பொருள் தேடாதே’ என்று குழந்தைக்கு உணர்த்த அவற்றின் அருகே ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். நம் கிராமத்துப் பிள்ளைக்கு ‘ஹென்’ என்பதும் அந்தப் பிராணியின் பெயர்போன்றதுதான். கோழி என்றால் அதற்குத் தெரியும். அதன் கொத்தும் தெரியும். ஹென் என்ற ஒலியை எழுத்துக்கூட்டி எட்டியபின் அந்த ஒலி போய்ச் சேர மனத்தில் ஓர் இடமில்லை. காஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய வாய்பாடு இங்கே கைகொடுக்கிறது: வாசித்தறிதல் என்பது எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை. கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி.

நடப்பிலுள்ள முறை இரண்டையும் தொடாமல் போவதுதான் வேடிக்கை. ஆசிரியர் ஒரு வரி வாசிக்க, வகுப்பு ராகம் போட்டுத் திரும்பச் சொல்கிறது. ‘சி ஏ டி கேட், கேட்னா பூனை’ என்று கூரை அதிர்கிறது. ஒரு மாதத்தில் பக்கம் முழுவதும் மனப்பாடம். பிள்ளையின் விரலும் வரிமேல் ஒழுங்காக ஓடும். படத்தை மறைத்துவிட்டு நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் தெரியாது. இதில் ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில், தாமே மனப்பாடத்தால் ஆங்கிலம் கற்ற ஒருவர் வேறென்ன செய்வார்?

எழுத்துக்கூட்டுவதை எங்கிருந்து தொடங்குவது? நாம் கவனிக்காமல் விட்ட ஒரு வசதி தமிழ் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. அசையெழுத்து முறைகளில் கற்கும் பிள்ளைகளுக்குத் தனி ஒலியனைப் பிரித்தறியும் திறன் மெதுவாகவே வருகிறது என்பதைக் கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு 2007இல் காட்டியது. தமிழும் அசையெழுத்து முறைதான். ஆனால் மெய்யைப் புள்ளியிட்டு வரியிலேயே தனித்து எழுதுவது நம் வழக்கம். மெய்க்குப் புள்ளி உண்டென்பது தொல்காப்பியர் காலத்திலேயே விதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘இக்கும் அவ்வும் சேர்ந்தால் க’ என்று சொல்கிறது. ‘இக்’கிலுள்ள இகரம் சொல்வதற்கான துணை மட்டுமே, சேரும்போது அது விழுந்துவிடும் என்பதை அந்தப் பிள்ளை யாரும் விளக்காமலே புரிந்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எம், என், எல், எஸ், எஃப் என்ற பெயர்களிலும் முன்னால் நிற்பது துணை உயிர்தான். ‘இம்’மில் இகரத்தை விடத் தெரிந்தவருக்கு ‘எம்’மில் எகரத்தை விடுவது பெரிய வித்தையா? இந்தப் பாலத்தை நான் பார்த்த ஃபோனிக்ஸ் கையேடுகள் எதுவும் பயன்படுத்தவில்லை. அவை தமிழ்ப் பிள்ளைக்கு ஒலி என்பதே புதிது என்பதுபோல் தொடங்குகின்றன.

வரிசையையும் மாற்ற வேண்டும். இங்கிலாந்துக் கையேடுகளில் பரவலான தொடக்க வரிசை எஸ், ஏ, டி, பி, ஐ, என். இதில் இரண்டாவதாகவே ‘கேட்’, ‘மேன்’ போன்ற சொற்களின் உயிரொலி வந்துவிடுகிறது. அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. குறில் இகரமும் எகரமும் இரு மொழிக்கும் நெருக்கமானவை. பின், டின், லிப், நெட், மென், லெக் ஆகியவற்றில் தொடங்கிப் பூனையைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். சிக்கல்கள் இல்லாமலில்லை. பன்றியைக் குறிக்கும் சொல்லையும் பெரியது என்ற பொருளுள்ள சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’தான். என்றாலும் ‘பால்’, ‘பஸ்’ இரண்டின் முதல் ஒலியும் வேறென்று பிள்ளையின் காது அறியும். எழுத்து காட்டாததைக் காதைக்கொண்டு தொடங்க வேண்டும். இறுதி மெய்யோடு உகரம் சேர்த்து ‘நெட்டு’ என்று முடிக்கும் பேச்சு வழக்குக்கும் முதலிலேயே இடம் கொடாமல் பழக்குவது நல்லது. இவற்றையெல்லாம் வகுப்பறையில் முறையாகச் சோதிக்க வேண்டும். ஆனால் சோதிக்கத் தகுந்த கருதுகோள் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்றப் பாதி, மொழி. இங்குதான் கதைக்கு இடம். அதுவும் பிள்ளை படிக்கும் கதையாக அல்லாமல் ஆசிரியர் சொல்லும் கதையாக. எல்லி 1989இல் நியூசிலாந்தில் செய்த இன்னோர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஆசிரியர் வெறுமனே வாசிக்க, கேட்ட பிள்ளைகள் புதிய சொற்களில் 15 விழுக்காடு அளவு கற்றார்கள். இடையிடையே சொல்லுக்கு விளக்கமும் தந்தபோது அது 40 விழுக்காடானது. அவர்கள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். அவர்களுக்கே விளக்கம் இவ்வளவு உதவுமென்றால், நம் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கம் தருவதைக் குற்றமாகப் பார்ப்பது எந்த நியாயம்? ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று விதிக்கும் பள்ளிகள் கல்வி ஆய்வைப் படித்து அந்த முடிவுக்கு வந்தவை அல்ல.

பிள்ளைக்கு முன்பே தெரிந்த கதை வசதியானது. பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிய கதையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள், ‘ஒரு க்ரோ இருந்துச்சு, வடையைத் தூக்கிட்டுப் போய் ட்ரீ மேல உக்காந்துச்சு’ என்று தொடங்கலாம். நரியின் பேச்சை மட்டும் ‘ஸிங், க்ரோ, ஸிங்!’ என்று முழு ஆங்கிலத்தில் வைத்தால், அந்த இடம் வரும்போது வகுப்பே முந்திக்கொண்டு கத்தும். நாள்பட ஆங்கில வாக்கியங்கள் கூடும். வாரக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களில் கதை முழுவதும் ஆங்கிலமாகிவிடும். கதையின் போக்கு தெரிந்திருப்பதால் அறியாத சொல்லையும் பிள்ளை ஊகிக்க முடியும். ஆசிரியருக்குச் சரளமான ஆங்கிலம் தேவையில்லை. அந்தப் பன்னிரண்டு வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டால் போதும். இப்படிக் கலந்து பேசுவது தமிழைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் அதே கதையைப் பிள்ளைகள் நல்ல தமிழிலும் திருப்பிச் சொல்லும் நேரம் அட்டவணையில் இருக்க வேண்டும் என்கிறேன். கதை புரிந்ததா என்று அறியவும் வேறு நல்ல வழியில்லை.

இரு பாதிகளும் சந்திக்கும் இடம் வகுப்பறைச் சுவரிலுள்ள சார்ட். கதையில் காதால் பழகிய சொற்களுள் கூட்டிப் படிக்கத்தக்கவற்றை மட்டும் எடுத்து, நாலைந்து வரியாகப் பெரிய எழுத்தில் ஆசிரியர் எழுதுகிறார். ‘க்ரோ’ அதில் படமாக நிற்கலாம்; அந்த எழுத்துக்கூட்டு அப்போதைக்கு வேண்டாம். ‘சிட்’, ‘ஸிங்’ எழுத்தாக வரலாம். பாடநூல்கள் இந்தப் பிரிவினையைச் செய்வதில்லை. கதையின் எல்லாச் சொற்களையும் பிள்ளையே படிக்க வேண்டுமென்று எதிர்பார்த்து, அதற்காகக் கதையைச் சுருக்கிச் சாறில்லாததாக்கி, அப்போதும் கூட்டிப் படிக்க இயலாத சொற்களையே வைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் தமிழ்ச் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியது. அந்த உழைப்பு ஆங்கிலத்துக்கும் வேண்டும், ஆசிரியர் வாசிக்கும் நூல் வேறு, பிள்ளை வாசிக்கும் நூல் வேறு என்ற தெளிவோடு. முதல் வகைக்கு 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகாவின் இருமொழிப் படநூல்கள் நல்ல தொடக்கம். இரண்டாம் வகை ஏறக்குறைய புதிதாகவே எழுதப்பட வேண்டும். தமிழ் ஒலியமைப்பு அறிந்தவர்களும் கதை சொல்லத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

மதிப்பீடும் இதற்கேற்ப இரண்டாகப் பிரிய வேண்டும். கேட்ட ஆங்கிலக் கதையைப் பிள்ளை தமிழில் திருப்பிச் சொன்னால் அதற்கு மதிப்பெண் தர வேண்டும். கற்ற ஒலிகளாலான, ஆனால் முன்பு அச்சில் பார்க்காத சொற்களைக் கூட்டிப் படித்தால் அதற்குத் தனியே தர வேண்டும். இப்போதுள்ள ஒரே மதிப்பெண், பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையையும் படிக்கும் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.