தாத்தா கொடுத்த விதை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தாத்தா, பேத்தி டயானிடம் இரண்டு விதைகளைக் கொடுத்தார். ஒன்று தக்காளி, இன்னொன்று ஊதாப் பூக்கொடி. குடும்பம் பவேரியாவிலிருந்து கப்பலேறியபோது கூடவே வந்தவை. கொஞ்ச நாளில் தாத்தா இறந்துவிட்டார். கொடுக்காமல் போயிருந்தால் விதையும் அவரோடு போயிருக்கும்.

இந்த யோசனைதான் டயான் ஆட் வீலியையும் கணவர் கென்ட்டையும் 1975ல் விதைப் பரிமாற்றம் தொடங்க வைத்தது. இன்றைக்கு அதன் பெயர் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்'. ஏற்பாடு ரொம்ப எளிது. யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று ஒரு பட்டியல். வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

'மூன் அண்ட் ஸ்டார்ஸ்' தர்பூசணியைப் பாருங்கள். கரும்பச்சைத் தோலில் நிலாவும் நட்சத்திரமும் போல மஞ்சள் புள்ளிகள். 1926ல் விற்பனைக்கு வந்து, பிறகு கடைகளிலிருந்து மறைந்தது. அழிந்தே போச்சு என்றுதான் நினைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மிசௌரி விவசாயி ஒருவரிடம் அது கிடைத்தது. அவரிடமிருந்து மற்ற தோட்டங்களுக்குப் பரவியது.

பூட்டி வைத்த விதையின் முளைப்புத் திறன் வருஷத்துக்கு வருஷம் குறையும். விதைக்கணும், எடுக்கணும், நாலு பேருக்குக் கொடுக்கணும். நம்ம தோட்டத்தில் பட்டுப்போனாலும் அவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதை, என் அனுபவத்தில், சேமிக்கிற பலரும் யோசிப்பதில்லை.