வேன் கண்ணாடியைத் தூக்கின கதை

கார் கண்ணாடிக்கும் ஒரு சரித்திரம் இருக்குங்க. பட்டனை அமுக்கினா ஏறுது, இறங்குது, இதுல என்ன சரித்திரம்னு டவுன்ல இருக்கிறவங்க கேட்கலாம். பழைய வேன் வச்சிருந்து, மழை நேரத்துல கண்ணாடி பாதியில நின்னுபோனா அந்தக் கேள்வி வராது. எங்க வேனுக்கு இருபது வயசுக்கு மேல ஆச்சு. அதோட கதவைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினதுலதான் எனக்கு இந்த ஆர்வமே வந்துச்சு.

ஆதியில கார் கண்ணாடியைத் தூக்கினது தோல்வார். குதிரை வண்டியிலயும் ரயில் பெட்டியிலயும் இருந்த ஏற்பாடு அது. பெல்ட்டு மாதிரி வரிசையா ஓட்டை போட்ட வாரை இழுத்து, வேணுங்கிற உயரத்துல கதவு முளையில மாட்டிக்கணும். அப்புறம் சுத்துற கைப்பிடி வந்துச்சு. கதவுக்குள்ள கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கை, ஒரு பல்சக்கரம், கண்ணாடியோட பாரத்தைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங். இதுக்குப் பேர்தான் ரெகுலேட்டர். இன்னைக்கும் அந்தப் பேர் மாறலை.

1940-ல அமெரிக்காவோட பேக்கார்டு கம்பெனி பெரிய மனுஷங்க காருக்குப் பட்டன் வச்சுது. ஆனா அன்னைக்குக் கண்ணாடியைத் தூக்கினது எண்ணெய். கரண்டு பம்பு ஒண்ணு ஓடி, குழாய் வழியா எண்ணெயை அழுத்தி, கதவுக்குள்ள இருக்கிற சிலிண்டரைத் தள்ளும். போருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்லயும் இதே மாதிரி வந்துச்சு. ஊத்தினது பிரேக் ஆயில். அது கசிஞ்சா பெயிண்டை அரிச்சிடும். 1951-ல கிரைஸ்லர் இம்பீரியல் கார்ல எண்ணெயே இல்லாம, கதவுக்குள்ளயே மோட்டார் வச்சுக் கண்ணாடியைத் தூக்கினாங்க. எங்க பக்கம் கிணத்துல கவலை போய் ஆயில் இன்ஜின் வந்து, அதுவும் போய் கரண்டு மோட்டார் வந்த மாதிரின்னு வச்சுக்கோங்க.

நம்ம ஊருக்கு இது மெதுவாத்தான் வந்துச்சு. அம்பாசிடர்ல கைப்பிடியைச் சுத்தித்தான் நாமெல்லாம் பழகினோம். 1991-ல வந்த டாடா சியராவுல பவர் விண்டோ இருந்தது பெரிய பேச்சு. 2000-க்கு அப்புறம்தான் வேன்களுக்கும் அது பரவலா வந்துச்சு. அந்த வண்டிங்கதான் இப்ப கைமாறிக் கைமாறிக் கிராமத்துல ஓடிட்டிருக்கு.

உள்ள இருக்கிறது 12 வோல்ட் மோட்டார். கரண்டு ஒரு பக்கமாப் போனா ஏத்தும், மாத்திப் போனா இறக்கும். மோட்டார் முனையில திருகுப் பல் இருக்கிறதால, கையால அழுத்தினாலும் கண்ணாடி இறங்காது. அதனால ரிப்பேர்ல பாதி வேலை காதுலயே முடிஞ்சிடும். பட்டனை அமுக்கினா சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்க, ஸ்விட்சைப் பாருங்க, அப்புறம் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல வளைஞ்சு போற வயரைப் பாருங்க. கதவைத் திறந்து மூடியே அது உள்ளுக்குள்ள அறுந்திருக்கும். மோட்டார் சுத்துது, கண்ணாடி அசையலையா? ரெகுலேட்டர் கேபிள் அறுந்திருக்கும், இல்லைன்னா பல் தேஞ்சிருக்கும். ஏறுது, ஆனா திணறுதா? ரப்பர் சேனல்ல மண் அடைச்சிருக்கும். துடைச்சுட்டு சிலிக்கான் ஸ்பிரே அடிச்சாப் போதும். கிரீஸ் வைக்காதீங்க, புழுதி ஒட்டிக்கும். எதைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் கண்ணாடியை மேல ஏத்தி டேப் போட்டு ஒட்டிக்கோங்க, இல்லைன்னா விழுந்துடும்.

இந்தக் கதையில முக்கியமான விஷயம் இனிமேதான் இருக்கு. கைப்பிடியைச் சுத்துறப்ப, ஏதாவது மாட்டினா கைக்குத் தெரியும், நிறுத்திடுவோம். மோட்டாருக்கு அது தெரியாது. அமெரிக்காவுல குழந்தைங்க கழுத்து மாட்டிச் செத்தே போயிருக்காங்க. சாவி போட்டாத்தான் கண்ணாடி ஏறணும்னு அங்க 1971-ல விதி வந்துச்சு. அது பத்தலை. வெளிய எட்டிப் பார்க்கிற குழந்தை கதவுல இருக்கிற கைதாங்கி மேல முட்டி போடும், முட்டி ஸ்விட்ச்ல படும், கண்ணாடி ஏறிடும். அதனால தெரியாம முட்டி பட்டு ஏறக்கூடாதுன்னு 2004-ல இன்னொரு விதி போட்டாங்க. ஸ்விட்சை மேல இழுத்தாத்தான் ஏறணும்னு 2005-ல அவங்க நாடாளுமன்றமே சட்டம் போட்டுது. புது வண்டி சிலதுல, ஏதாவது தடுத்தா கண்ணாடி தானே திரும்பி இறங்கிடுது.

பழைய வேன்ல இதெல்லாம் கிடையாது. சீசா மாதிரி ஆடுற ஸ்விட்ச்தான், ஒரு முனையை அமுக்கினா ஏறும், இன்னொண்ணை அமுக்கினா இறங்கும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போறப்ப ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளிய நீட்டுறது குழந்தைங்கதான்.

அதனால பழைய வேன் வாங்கிறவங்களும், ஊருக்கு வர்றப்ப வாடகைக்கு எடுக்கிறவங்களும் ஒண்ணு பண்ணுங்க. பின் கதவு ஸ்விட்ச் மேல முட்டியை வச்சு அழுத்திப் பாருங்க. கண்ணாடி ஏறினா, டிரைவர் பக்கத்துல இருக்கிற லாக் பட்டன் வேலை செய்யுதான்னு பாருங்க. பல வண்டியில கண்ணாடி ஓடினாப் போதும்னு மோட்டாரை மட்டும் மாத்தி, செத்துப்போன லாக்கை அப்படியே விட்டிருப்பாங்க. லாக் ஓடலைன்னா, பின்பக்க ஸ்விட்சுக்குப் போற வயரைக் கழட்டி வைக்கச் சொல்லுங்க. எலக்ட்ரீஷியனுக்கு அது அரை மணி நேர வேலை.