காரை விற்கிறீர்களா? ஆர்.சி. பெயர் மாற்றத்தில் கவனம் தேவை

பழைய காரை விற்பவர்களில் பலர் பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டு, "பெயரை அவர் மாற்றிக் கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் மாற்றாவிட்டால் சிக்கல் விற்றவருக்குத்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)-இன்படி, யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வழக்கில் 2007-இல் விற்கப்பட்ட கார் அடுத்தடுத்துக் கை மாறி, 2009-இல் விபத்தில் சிக்கி ஓர் உயிரும் போனது. ஆனால் பதிவு முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மீதே விழுந்தது.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

1. கடனை முதலில் முடியுங்கள்: கார் கடனில் வாங்கியது என்றால் ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டினால் மட்டும் அது நீங்காது. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்க வேண்டும்.

2. பாக்கிகளைச் சரிபாருங்கள்: போக்குவரத்து அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். இன்சூரன்ஸ், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கட்டும்.

3. படிவம் 29, 30: விற்றதை அறிவிப்பது படிவம் 29. பெயர் மாற்றக் கோருவது படிவம் 30. விற்பவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள், வெளிமாநிலம் என்றால் 45 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள் அவகாசம். வெளிமாநிலத்துக்காரருக்கு விற்றால் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்றும் பெற வேண்டும்.

வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாத வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வண்டியை நாலு கை மாற்றி விடலாம். நாலாவது ஆள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது.

4. எந்த அலுவலகம்?: மதுரையில் தெற்கு (58), வடக்கு (59), மத்தி (64) என மூன்று பதிவு எண் வரிசைகள் உள்ளன. வாங்குபவர் தேனி, விருதுநகர், சிவகங்கை போன்ற இடங்களில் வசிப்பவர் என்றால், அவர் தன் பகுதி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இதை விலை பேசும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

5. விற்பனை ரசீது: வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர், விலை, இருவரின் முகவரி ஆகியவற்றை எழுதி, சாட்சிகளுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். வங்கி வழியாக வாங்குவதே பாதுகாப்பு.

6. இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக்: இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற, வாங்குபவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிளெய்ம் செய்யாததற்கான போனஸ் உங்களுக்குரியது; அதற்கான சான்றைக் கேட்டுப் பெறுங்கள். ஃபாஸ்டேக்கை அன்றே நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கார் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.

புரோக்கரிடம் விடுவதாக இருந்தால், அவர் பதிவு பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அதன் பிறகு பொறுப்பு டீலருடையது.

உரிமையாளர் இறந்துவிட்ட வண்டியை நேரடியாக விற்க முடியாது. வாரிசு 30 நாட்களுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை அதற்குப் பிறகுதான்.

பொருளின் குறையை மறைக்காமல் சொல்வதும், கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. விற்று ஒரு மாதம் கழித்து, பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மாறியிருந்தால்தான் நீங்கள் காரை விற்று முடித்ததாகப் பொருள்.