ப்ரொக்ஸி: வடிகட்டி ஆற்றை கையில?

2007 ஜூன் மாதம் இலங்கையில் தமிழ்நெற் இணையத்தளம் திறபடாமல் போனது. ஏ9 வீதி பூட்டுப்பட்டு ஒரு வருசம் ஆகப்போகிற நேரம் அது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில் வந்தது, செய்தி அரைகுறையாக வந்தது. தளத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த சொந்தக்காரர் வழமைபோல வாசித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே மட்டும்தான் பக்கம் வராது. ஆர் மறித்தது, எந்தச் சட்டத்தின் கீழ் மறித்தது என்று திரையில் ஒரு வரிகூட இல்லை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறின பிறகுதான் அந்தத் தடை எடுபட்டது.

எங்களுக்கு முந்தின செற் அண்ணாமாரிடம் "ப்ரொக்ஸி" என்றால் என்ன எண்டு கேட்டுப் பாருங்கள். பூட்டின பக்கத்தைத் திறக்கிற சாமான் என்றுதான் சொல்லுவார்கள். அதே சொல்லை வெளிநாட்டுக் கணினிப் புத்தகத்தில் தேடினால், வேண்டாததை மறிக்கிற சாமான் என்று இருக்கும். ஒரே கருவி, இரண்டு எதிர் வேலை. இந்தக் கட்டுரை அந்த முரணைப் பற்றியது. நாங்கள் கலைப்பீடக்காரர், கணினி விஞ்ஞானம் படித்த ஆக்கள் இல்லை. ஆனால் இது கணினிப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிடுகிற விசயமும் இல்லை.

ப்ரொக்ஸி என்பது பதில் ஆள். விரிவுரைக்கு வராத கூட்டாளிக்காகக் கையெழுத்து வைக்கிறவன் மாதிரி. உங்கள் உலாவி நேரே தளத்திடம் போகாமல் இந்தப் பதில் ஆளிடம் "இந்தப் பக்கத்தை எடுத்துத் தா" என்று கேட்கும். அவர் போய் எடுத்து வந்து தருவார். அவர் வேறு நாட்டில் இருந்தால், இங்கே பூட்டின பக்கமும் கிடைக்கும். அவர் உங்கள் கணினிக்குள்ளேயே இருந்தால், வருகிற பொதியைப் பிரித்துப் பார்த்து, குப்பையைக் கழித்துவிட்டுத் தருவார். எப்படியோ, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். இதை மட்டும் மறந்துபோகாதீர்கள்.

குப்பை எங்கே தொடங்கியது? 1994 ஒக்டோபர் 27 அன்று ஹொட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் முதல் பனர் விளம்பரங்களைப் போட்டது. அதே வருசம் நெட்ஸ்கேப் கொம்பனியில் வேலைசெய்த லூ மொண்டூலி "குக்கி"யைச் செய்தார். கடையில் நீங்கள் கூடைக்குள் போட்ட சாமானைத் தளம் ஞாபகம் வைத்திருக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் விளம்பரப் படம் தளத்திலிருந்து வருவதில்லை, விளம்பரக் கொம்பனியின் சேர்வரிலிருந்து வருகிறது. அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கியை வைத்துவிடும். காலையில் நீங்கள் கல்யாணப் பொருத்தம் பார்த்த தளத்திலும், பின்னேரம் நீரிழிவு பற்றி வாசித்த தளத்திலும் ஒரே கொம்பனியின் படம் இருந்தால், இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்துவிடும். இதில் பெரிய ஆளாக வளர்ந்தது டபிள்கிளிக். அதை 2008இல் கூகுள் வாங்கி முடித்தது. பேசின விலை 310 கோடி டொலர்.

இதற்கு மறுப்பாக, 90களின் கடைசியில் "இன்ரநெற் ஜங்பஸ்ரர்" என்று ஒரு சின்ன ப்ரொக்ஸி வந்தது. அதிலிருந்து 2001 அளவில் தன்னார்வலர்கள் பிரித்து வளர்த்ததுதான் ப்ரிவொக்ஸி. இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரலை ஆரும் வாசிக்கலாம்.

இதை அமைக்கிறது பெரிய வித்தை இல்லை. நிறுவினால் 127.0.0.1 என்ற முகவரியில், 8118 என்ற வாசலில் காத்துக்கொண்டிருக்கும். உலாவியின் ப்ரொக்ஸி அமைப்பில் இந்த இரண்டு எண்ணையும் போட்டால் சரி. 127.0.0.1 என்றால் "இந்தக் கணினியேதான்". இந்த முகவரியை வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக மாத்தலாம், ஆனால் ஆர் ஆர் உள்ளே வரலாம் என்று சேர்த்து எழுதவேண்டும். எழுதாமல் இன்ரநெற் பக்கம் திறந்து விட்டால், ஊர் பேர் தெரியாதவன் உங்கள் பெயரில் உலாவுவான்.

மற்றதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒன்றில் எந்த முகவரியை மறிப்பது என்ற பட்டியல். இன்னொன்றில் பக்கத்துக்குள் எந்தச் சொற்கோவையை வெட்டுவது என்ற விதிகள். உங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு, அதில் நீங்கள் எழுதுவது முந்தின விதிகளை மீறும். குக்கியை உலாவி மூடும்போது அழியவைக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று உலாவி ஒப்பிக்கிற வரியைப் பொய்யாக்கலாம். மறித்த விளம்பரப் படத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டம்போட்ட படம் வரும்.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. ப்ரிவொக்ஸி ஒரு முழுப் பக்கத்தை மறித்தால், மறித்தேன் என்று சொல்லும். என்ன காரணம் என்று காட்டும். எந்த விதி என்று பார்க்க ஒரு இணைப்பு, பரவாயில்லை போகிறேன் என்றால் போக இன்னொரு இணைப்பு. 2007இல் வந்த வெறுந்திரையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில்நுட்பமாக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்: முகவரியைப் பார், பட்டியலில் இருந்தால் விடாதே. ஒன்றில் பட்டியலை எழுதியது நீங்கள், அடுத்ததில் பட்டியலை நீங்கள் கண்டதே இல்லை.

பிறகு பூட்டுக் காலம் வந்தது. வங்கி மட்டும் பாவித்த மறைகுறியாக்கத்தை 2015க்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாத் தளமும் பாவிக்கத் தொடங்கின. நல்ல காரியம்தான். ஆனால் பதில் ஆளுக்கு இப்போது கடித உறையில் உள்ள தளத்தின் பெயர் மட்டும் தெரியும், உள்ளே உள்ள கடிதம் தெரியாது. விளம்பரக் கொம்பனியின் பெயரைக் கண்டு மறிக்கலாம், பக்கத்துக்குள் கைவைக்கேலாது. அதனால் வடிகட்டுகிற வேலை உலாவிக்குள்ளேயே போய்விட்டது. ரேமண்ட் ஹில் 2014இல் தொடங்கின யூபிளொக் அப்படி வந்ததுதான், உங்களில் கனபேர் அதைத்தான் பாவிக்கிறீர்கள். ப்ரிவொக்ஸியும் 2020இல் உறையைப் பிரிக்கிற வசதியைச் சேர்த்தது. அதற்கு அதனுடைய சான்றிதழை உங்கள் உலாவி நம்பும்படி செய்யவேண்டும்.

இங்கே கொஞ்சம் நிண்டு யோசிக்க வேண்டும். அந்தச் சாவி உங்கள் கணினியில் உங்களிடமே இருந்தால் வடிகட்டி. வேறொருவரிடம் இருந்தால் வேவு. லெனோவோ மடிக்கணினிகளில் "சூப்பர்பிஷ்" என்ற மென்பொருள் இதே முறையால் உறையைப் பிரித்து உள்ளே விளம்பரம் செருகியது 2015இல் அம்பலமானது. கஸகஸ்தான் அரசாங்கம் 2019இல் குடிமக்களை ஒரு சான்றிதழை நிறுவச் சொன்னது. கூகுள், மொசில்லா, அப்பிள் மூன்றும் தங்கள் உலாவிகளில் அதை மறுத்துவிட்டன.

எங்கட நாட்டுக்கு வருவோம். 2018 மார்ச்சில் திகன கலவரத்தோடு முகநூல், வட்ஸ்அப், வைபர் மறிக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் மறித்தார்கள். 2022 ஏப்ரல் 3, பாதுகாப்பு அமைச்சு கேட்டதன்பேரில் மறுபடியும். அந்த முறை 15 மணித்தியாலம் அளவில்தான் நீடித்தது. மறிப்பைத் தான் ஏற்கமாட்டேன், தானும் வீபிஎன் பாவிக்கிறேன் என்று அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே எழுதினார். அமைச்சரே சுத்துப்பாதையால் போகிற நாடு. தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறினது அதற்கு முந்தின மாதம்தான்.

இந்த ஒவ்வொரு முறையும் நாங்கள் எல்லாரும் கைக்கு எட்டின இலவச வீபிஎன்னை இறக்கினோம். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊருக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லைத்தான். ஆனால் டைனமோ நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எழுதி வைக்கவில்லை. இலவச வீபிஎன் பதில் ஆள் எழுதி வைப்பார். முகநூல் கொம்பனி 2013இல் வாங்கின ஒனாவோ, பாதுகாப்பு தருகிற வீபிஎன் என்றுதான் விளம்பரப்படுத்தப்பட்டது. ஆக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று அது சேர்த்துக்கொண்டிருந்தது. 2018இல் அப்பிள் கடையிலிருந்து விலகியது, 2019இல் மூடப்பட்டது. இதற்காக 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அரசாங்கத்தின் வடிகட்டிக்குப் பயந்து ஓடி, விளம்பரக்காரனின் வடிகட்டிக்குள் போய் விழுகிறது என்பது இதுதான்.

2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இப்போது கையில் இருக்கிறது. ஒரு இணைய இடத்துக்கான அணுக்கத்தை முடக்கச் சொல்லி ஆணைக்குழு ஒன்று பணிக்கலாம் என்கிறது. இனி ஒரு பக்கம் திறபடாவிட்டால், அதைப் பூட்டின உத்தரவு எங்கே, அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். ப்ரிவொக்ஸி கேளாமலே காட்டுகிற அதே இரண்டு வரிதான்.