மெலிந்த போன் மலையேறிய கதை

கொல்லிமலையில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவில் விட்டு நறுக்கிய குச்சிகள்தான் படி. அதில் கால்விரலை ஊன்றி, சில்வர் ஓக் மரத்தோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு, தோளில் தொங்கும் சாக்கில் கொத்துக் கொத்தாகப் பறித்துப் போடுவார்கள். இரண்டு கைக்கும் வேலை இருக்கும். போனைச் சட்டையின் உள்பையில் வைத்திருந்தால் மரத்துக்கும் விலா எலும்புக்கும் நடுவில் மாட்டி இடிக்கும். கீழே வைத்துவிட்டு ஏறினால் வியாபாரி கூப்பிடுவது கேட்காது. வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குச் சற்றுத் தள்ளி மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனனுக்குப் பல வருடமாக இதே இம்சை.

2025-இல் மிளகு கிலோ அறுநூறைத் தாண்டி விற்றது. அந்தக் காசில் அவன் வாங்கியது சாம்சங் கேலக்ஸி எஸ்25 எட்ஜ். மே 13-ஆம் தேதி உலகுக்கு அறிவிக்கப்பட்ட போன் அது. தடிமன் 5.8 மில்லிமீட்டர், எடை 163 கிராம், அப்போது இந்திய விலை 1,09,999 ரூபாய். நாமக்கல்லில் ஒரு கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். விற்றால் கமிஷன் வரும் கடைப் பையனே வேண்டாம் என்றான்.

"அண்ணா, சொன்னாக் கேளுங்க. இதைவிடப் பத்தாயிரம் கம்மிக்கு எஸ்25 பிளஸ் இருக்குது. அதுல பேட்டரி 4,900, இதுல 3,900 தான். அதுல கேமரா மூணு, இதுல ரெண்டு. தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுத்து எடுக்கற லென்ஸே இதுல கிடையாதுங்க. சார்ஜும் அதுலதான் வேகமா ஏறும்."

"கனம்?"

"அது 190 கிராம். இருபத்தேழு கிராமுக்காண்ணா பத்தாயிரம் கூடக் குடுப்பீங்க?"

மைத்துனன் பதில் சொல்லவில்லை. போனை உள்பையில் போட்டுக்கொண்டு கடையின் நடுத்தூணைக் கட்டிப்பிடித்து நின்றான். பிளஸ்ஸைப் போட்டும் அதே மாதிரி நின்றான். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். பிறகு எட்ஜுக்குப் பில் போடச் சொன்னான்.

பையன் சொன்னது எதுவும் பொய்யில்லை. விமர்சகர்கள் எழுதியதும் அதுவேதான்: அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்குகிறீர்கள். மெலிந்த போனின் ஜாதகத்தைப் பார்த்தால், பிறந்த நாளிலிருந்து இந்தப் பழி அதைவிட்டுப் போனதே இல்லை.

2004-இல் மோட்டரோலா ரேஸர் வி3 வந்தபோது 13.9 மில்லிமீட்டரே அதிசயம். அந்த வரிசை 13 கோடிக்கு மேல் விற்றது. மலைக்கு அது தேவைப்படவில்லை. இங்கே ஆண்டது 2003-இல் பிறந்த நோக்கியா 1100. தூசி புகாத விசைகள், கை வழுக்காத பக்கவாட்டு, தலையில் டார்ச். கரண்ட் போன இரவில் வழிகாட்டும் போனைத் தடி என்று யார் குறை சொல்வார்கள்?

இளைக்கும் போட்டி உச்சத்துக்குப் போனது 2014-இல். ஜியோனி ஈலைஃப் எஸ்5.5 தன் தடிமனையே பெயராக வைத்துக்கொண்டது. ஓப்போ ஆர்5 இன்னும் இறங்கி 4.85 மில்லிமீட்டருக்கு வந்தது. அதற்காக ஹெட்போன் துளையைக் காவு கொடுத்தது. டிசம்பரில் விவோ எக்ஸ்5 மேக்ஸ், துளையை விடாமலே 4.75 என்று மார்தட்டியது. அதே வருடம் செப்டம்பரில் ஐபோன் 6 பிளஸ்ஸைப் பேன்ட் பையில் வைத்து உட்கார்ந்த சிலர், எழுந்தபோது வளைந்த போனை எடுத்தார்கள். அது 7.1 மில்லிமீட்டர்தான், மெலிவுக்கு விழுந்த முதல் பகிரங்க அடி.

நம்மூர்க் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 2015-இல் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்று ஒன்றை இறக்கியது: 5.1 மில்லிமீட்டர், வெறும் 97 கிராம், 17,999 ரூபாய். இன்றைய எட்ஜ் அதன் பக்கத்தில் தடியன். ஆனால் பேட்டரி 2,000 மில்லி ஆம்பியர்-அவர். பத்து வருடம் கழித்து உலகமே வியந்து பேசிய மெலிவை ஓர் இந்திய நிறுவனம் ஆறிலக்கம் தொடாத விலைக்கு விற்றது என்பதை இன்று யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

மெலிந்த போன் செத்தது 2016-இல். செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. இலவச டேட்டா கிடைத்ததும் சனம் நாளெல்லாம் வீடியோ பார்க்க ஆரம்பித்தது. சாயங்காலம் வரை நிற்காத போன் எவனுக்கு வேண்டும்? அதே மாதத்தில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வகை பேட்டரியில் மூலைக்கு இடம் போதாமல் உள்தகடு மடங்கியதே காரணம் என்று 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே விளக்கியது. இடத்தை நெருக்கினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அந்த ஜனவரியில்தான் 4,100 பேட்டரியோடு ரெட்மி நோட் 4 இந்தியாவில் இறங்கியது. 2019-இல் சாம்சங் எம்30எஸ் 6,000 கொடுத்தது. அதன்பின்னும் போன் பருத்துக்கொண்டே போனது.

2025-இல் மறுபிறவி. எட்ஜுக்கு நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, ஆப்பிள் ஐபோன் ஏரைக் காட்டியது: 5.6 மில்லிமீட்டர், 165 கிராம், பின்னால் ஒற்றைக் கேமரா, 1,19,900 ரூபாய். "அவசரப்பட்டுட்டியே மாப்ள" என்று போனில் வம்புக்கு இழுத்தேன். "அதுல சிம் போடற ஓட்டையே இல்லீங்களாமே மாமா" என்றான். அவன் சொன்னது சரி. ஏர் முழுக்க இ-சிம்தான். மலையில் ஒரு டவர் இந்த வளைவில் எடுக்கும், அடுத்த வளைவில் கைவிரிக்கும். சிம்மை உருவி இன்னொன்றில் போட்டு வியாபாரியைக் கூப்பிடுவது இங்கே அன்றாடம். பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் இ-சிம் கொடுக்க ஆரம்பித்ததே 2025 ஆகஸ்டில்தான்.

அடுத்து டெக்னோ போவா ஸ்லிம் பற்றிச் சொன்னேன். அதுவும் அந்த செப்டம்பரில் வந்ததுதான். 5.95 மில்லிமீட்டருக்குள் 5,160 பேட்டரி, விலை 19,999. மெலிந்த உடம்பில் பெரிய பேட்டரியை அடைக்க இப்போது பலர் பிடிக்கும் வழி சிலிக்கன்-கார்பன். வழக்கமான பேட்டரியில் கிராஃபைட்டின் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்துதான் ஒரு லித்தியத்தைத் தாங்கும். சிலிக்கனோ ஒரே அணுவாக நின்று மூன்று நான்கு லித்தியத்தைப் பிடித்துவிடும். எடைக்கு எடை பார்த்தால் பத்து மடங்கு. ஆனால் சார்ஜ் ஏற ஏற மூன்று மடங்கு வரை உப்பும், இறங்கும்போது சுருங்கும், நாளாவட்டத்தில் நொறுங்கும். அதனால்தான் கார்பனோடு கலந்து அடக்கி வைக்கிறார்கள். நோட் 7-இல் சூடுபட்ட சாம்சங் எட்ஜில் பழைய வழியையே பிடித்துக்கொண்டது. ஆப்பிளும் ஏரில் அப்படித்தான். அதன் பேட்டரி 3,149.

"அஞ்சுல ஒரு பங்கு விலை மாப்ள."

"மழைக்குத் தாங்குமுங்களா?"

எட்ஜுக்கு ஐபி68 தரம். ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பிழைக்க வேண்டும் என்பது கணக்கு. போவா ஸ்லிம்முக்கு ஐபி64. தெறிக்கும் நீரோடு சரி. ஐப்பசியில் வாசலூர்பட்டியில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும்.

வாங்கிய நாளுக்கே திரும்புகிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி எட்ஜ் சோளக்காட்டைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தது. கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்த ரப்பர் உறையை அவன் வாங்கவில்லை. ஒரு லட்சம் கொடுத்து இளைத்ததை இருநூறு ரூபாய் கொடுத்துக் குண்டாக்குவானேன் என்பது அவன் வாதம். கேமரா மேடு மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. 5.8 என்ற கணக்கில் அந்த மேட்டைச் சேர்ப்பதே இல்லை. மேசையில் மல்லாத்தினால் போன் ஒருபக்கம் ஆடுகிறது. விளம்பரத்தில் இதெல்லாம் தெரியாது.

முதல் அறுவடை 2026 தை, மாசியில் நடந்தது. போன் உள்பையில் இருந்ததே தெரியவில்லை என்றான். ஏணி உச்சியில் நின்றால் சிக்னல் கூடுதலாகக் கிடைக்கிறதாம். விலை பேசுவது இப்போது மரத்தின் மேலிருந்துதான். பேட்டரி? மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மூச்சு வாங்குகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் எந்தப் போனும் டவரை எட்ட அதிக சக்தியைச் செலவழிக்கும். சமவெளிக்காரன் எட்டு மணி வரை ஓட்டும் பேட்டரி மலையில் அதற்குள்ளேயே படுத்துவிடும். அதற்காக ஸ்கூட்டர் பெட்டியில் பவர் பேங்க் வைத்திருக்கிறான். விடுவேனா?

"இருபத்தேழு கிராம் குறைக்க இருநூறு கிராம் சுமக்கறியே மாப்ள."

"அது வண்டியில இருக்குதுங்க மாமா. சட்டையிலயா இருக்குது?"

விமர்சகர்களின் பட்டியலில் இல்லாத கணக்கு இது. பேட்டரியை அவர்கள் மணியில் அளக்கிறார்கள். அவன் எங்கே சுமக்கிறோம் என்று அளக்கிறான். தூரத்துப் படம் எடுக்கும் லென்ஸ் இல்லாத குறை அவனுக்கு இல்லவே இல்லை. சீக்குப்பாறை காட்சிமுனையில் நின்று சமவெளியை இழுத்து எடுப்பது சுற்றுலா வருகிறவர்கள் வேலை. மெலிந்த உடம்பு சீக்கிரம் சூடாகும் என்பதும் ஆயிரம் மீட்டருக்கு மேலே தை மாதத்தில் பெரிய குற்றமாகப் படவில்லை.

சந்தை அவன் பக்கம் இல்லை. எட்ஜும் ஏரும் எதிர்பார்த்த அளவு போகவில்லை, உற்பத்தியைக் குறைக்கிறார்கள் என்று 2025 அக்டோபரிலேயே செய்திகள் வந்தன. எனக்கும் இந்தப் போன் வேண்டாம். நாள் முழுக்கப் பேருந்திலும் அலுவலகத்திலும் இருப்பவன் நான். நெஞ்சை மரத்தோடு ஒட்டும் வேலை எனக்கு இல்லை, அந்தப் பத்தாயிரத்துக்குப் பெரிய பேட்டரி வாங்கிக்கொள்வேன். அவனுக்கு இது சரியான போன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவதாகச் சாம்சங் சொல்கிறது. சிறிய பேட்டரியை அடிக்கடி நிரப்ப வேண்டும். அடிக்கடி நிரப்பினால் சீக்கிரம் தேயும். மென்பொருளுக்கு முன்னால் பேட்டரி கிழடாகிவிடும். அதனால் பில் போடும் முன்பே, புதுப் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் பக்கத்தில் எந்த ஊரில் இருக்கிறது என்று கடையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.