சேணப் பொருள்கள், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தவை

1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலத்தாரும் தென் மாநிலத்தாரும் நிகழ்த்திய உள்நாட்டு யுத்தத்தில் குதிரைப்படையினர் உபயோகித்த சேணம், கடிவாளம், அங்கவடி, தோற்பை, கம்பளம் முதலியவற்றைத் தேடித் தொகுக்கும் வழக்கம் அந்நாட்டில் நன்கு வேரூன்றியுள்ளது. இத்தொகுப்புகளின் நடுநாயகம் மெக்ளெல்லன் சேணமாகும். கிரீமிய யுத்தத்தைப் பார்வையிட ஐரோப்பா சென்ற குழுவில் இருந்த காப்டன் ஜார்ஜ் மெக்ளெல்லன், திரும்பி வந்து சமர்ப்பித்த இம்மாதிரியை 1859-இல் அரசாங்கம் அங்கீகரித்தது. பிற்காலத்தில் வடபுலச் சேனாதிபதியான அவருடைய தயக்க சுபாவத்தைச் சரித்திராசிரியர்கள் எவ்வளவு கண்டித்தாலும், அவருடைய சேணமோ சிற்சில மாற்றங்களுடன் அமெரிக்கக் குதிரைப்படை உள்ளவரை நிலைத்துவிட்டது.

மரச்சட்டத்தின்மேல் பதனிடாத தோலை ஈரத்துடன் இழுத்துத் தைத்து உலரவிட்டமைத்த இச்சேணத்தில், முதுகெலும்பின்மீது பாரம் விழாதிருக்கும்பொருட்டு நடுவே நீண்ட இடைவெளி விடப்பட்டிருக்கும். முன்மேட்டில் பதித்த கேடய வடிவப் பித்தளைத் தகடு இருக்கையின் அளவை அங்குலக் கணக்கில் காட்டும். வாங்குவோர் பெரிதும் ஏமாறுவதும் இச்சேணத்திலேதான். யுத்தம் முடிந்தபின் மிஞ்சியவற்றை ராணுவம் எறிந்துவிடாமல் பல்லாண்டு பயன்படுத்தியது. பதனிடாத தோல் வெடித்து வீரரை உறுத்தியமையால், 1870-களில் அதன்மேல் கறுப்புத் தோல் போர்த்தப்பட்டது. 1904-ஆம் ஆண்டு மாதிரியோ செம்பழுப்பு நிறத்தது. எனவே தோல் போர்த்த சாதாரணப் படைச்சேணத்தை யுத்தகாலத்ததென்று எவரேனும் சாதித்தால், அதனைச் சந்தேகத்துடன் நோக்குவதே விவேகம்.

தென்புலப் பொருள்கள் மேலும் அபூர்வமானவை. அங்கு முதலில் பெருவழக்காயிருந்த ஜெனிஃபர் சேணம், தீனியின்றி மெலிந்த குதிரைகளின் முதுகைப் புண்ணாக்கியமையால், எதிரியின் மெக்ளெல்லன் மாதிரியையே பின்பற்ற நேர்ந்தது. தோல் பஞ்சத்தால் வர்ணம் பூசிய துணியைத் தோலுக்குப் பதிலாகத் தைத்தனர். அத்தகைய ஏழ்மைத் தோற்றமுள்ள பொருளே இன்று சேகரிப்போரிடம் மிகுந்த மதிப்புப் பெறுகிறது என்பது ஒரு விசித்திரம்!

தோலும் கம்பளியும் மக்கிப் பூச்சிக்கு இரையாவதால், ஆரஞ்சு நிறக் கரையிட்ட நீலக் கம்பளம் முழுமையாகக் கிடைப்பது அரிது. கடிவாள இரும்பு, கொக்கி, பித்தளைக் குமிழ் ஆகியனவோ பழைய பாசறை நிலங்களில் மண்ணுக்கடியிலிருந்தும் அகப்படுகின்றன. ஆயினும் தேசியப் பூங்காக்களாகிவிட்ட போர்க்களங்களில் தோண்டுதல் சட்டவிரோதம். வறண்ட வார்களுக்குத் தாராளமாக எண்ணெய் பூசும் பழைய பழக்கம் தோலைக் கருக்கித் தையலையும் கெடுத்துவிடுமாதலால், காட்சிசாலைப் பாதுகாப்பாளர் அதனை இக்காலத்தில் விலக்குகின்றனர்.