65 வயதை எட்டாதவர்: ஒரு சட்டக் கூறும் மனநலப் பணியாளர் இன்றிப்போன முதியோரும்

அமெரிக்க மனநல மருத்துவமனைகள் காலியான கதையை எழுதப் புகும் எவரும் ஆண்ட்ரூ ஸ்கல்லைக் கடக்காமல் போக முடியாது. 1977-இல் வெளிவந்த அவருடைய 'டீகார்சரேஷன்' நூல், புதிய மருந்துகளே நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பின என்ற மருத்துவத் துறையின் பெருமிதக் கதையை உடைத்தது. நல அரசின் செலவுகள் பெருகின. மருத்துவமனை ஊழியர்கள் சங்கம் வைத்தார்கள், வாரத்துக்கு 40 மணி நேர வேலை வந்தது. ஆட்களை உள்ளே வைத்துப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. உதவித்தொகை கொடுத்து வெளியே விடுவது மலிவாக இருந்ததால் அரசு கதவைத் திறந்தது என்பது அவர் முடிவு. சமூகப் பராமரிப்பு என்ற பெயரில் நடந்தது கைவிடல் என்றும் அவர் எழுதினார். கைவிடல் நடந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு அவர் காட்டும் காரணத்தில்தான் மறுப்பு.

ஸ்கல்லின் நூலில் 'அரசு' ஒற்றை ஆளாக நடமாடுகிறது. அதற்கு ஒரே கஜானா, ஒரே கணக்குப் புத்தகம். அமெரிக்காவில் அப்படி ஒரு அரசு இருந்ததில்லை. கவுன்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு), மாநிலம், மத்திய அரசு என்று மூன்று பைகள் இருந்தன. ஒரு பையின் சுமை இன்னொன்றுக்கு மாறிய ஒவ்வொரு முறையும் முதியோர் இடம் மாறினார்கள். 1890-இல் நியூயார்க் மாநிலப் பராமரிப்புச் சட்டம் ஏழை மனநோயாளிகளின் பொறுப்பைக் கவுன்டிகளிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றியது. அதன்பின் கவுன்டிகளின் ஏழையர் விடுதிகளில் கிடந்த முதியவர்கள் கூட்டங்கூட்டமாக மாநில மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அதுவரை மூப்பின் தளர்ச்சி எனப்பட்டது மனநோய் ஆயிற்று. வரலாற்றாசிரியர் ஜெரால்ட் குரோப் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஸ்கல்லின் சட்டகத்தில் இந்த நிகழ்வுக்கு இடமில்லை. ஏனெனில் இங்கே கதவு திறந்தது உள்நோக்கி. பணம் மிச்சமாகவும் இல்லை, கைமாறியது.

இந்தக் கட்டுரையின் மையம் ஒரே ஒரு வாக்கியம். 1965 ஜூலை 30 அன்று கையெழுத்தான சமூகப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர், மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிரும் ஏழையர் மருத்துவ உதவியான மெடிக்கெய்ட் இரண்டையும் பிறப்பித்தது. அதில் மெடிக்கெய்டின் செலவை வரையறுக்கும் 1905-ஆம் பிரிவு, காசநோய் அல்லது மனநோய்க்கான நிறுவனத்தில் நோயாளியாக இருக்கும், 65 வயதை எட்டாத எவருக்கும் மத்திய அரசின் பங்குப் பணம் கிடையாது என்றது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரிதான். ஆனால் பெரும்பாலோர் அதை விலக்காக மட்டுமே வாசிக்கிறார்கள்: மத்திய அரசு மனநல மருத்துவமனைக்குப் பணம் தர மறுத்தது, அவ்வளவே என்று. அதன் முன்வடிவங்களை அருகருகே வைத்தால் வேறொன்று தெரிகிறது.

1935-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் முதியோர் உதவித்தொகைக்கு இரண்டு நிபந்தனை வைத்தது: 65 வயது நிறைந்திருக்க வேண்டும், பொது நிறுவனத்தில் தங்கியிருப்பவராக இருக்கக் கூடாது. ஏழையர் விடுதிகளை ஒழிப்பது நோக்கம். கையில் உதவித்தொகையோடு முதியவர்கள் தனியார் விடுதிகளைத் தேடிப் போனார்கள். இன்றைய பராமரிப்பு இல்லங்களின் வேர் அங்கேதான். (நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அச்சொல் முதியோரும் நீண்டகால நோயாளிகளும் தங்கும் இல்லத்தைக் குறிக்கும். குழப்பம் வராதிருக்க இங்கே 'பராமரிப்பு இல்லம்' என்றே எழுதுகிறேன்.) 1950-இல் தடை தளர்ந்தது: பொது மருத்துவ நிறுவனங்களில் இருப்போருக்கும் பணம் உண்டு, காசநோய், மனநோய் நிறுவனங்களில் இருப்போருக்கு மட்டும் இல்லை. 1965-இல் அந்த இரு நோய்களின் பெயரும் அப்படியே நிற்க, வயது புதிதாக உள்ளே நுழைந்தது. 1935-இல் தகுதியாக இருந்த அதே 65, இப்போது விலக்கின் எல்லைக்கோடு. எல்லைக்கு அப்பால் இருக்கும் முதியவருக்கு, அவர் மனநல மருத்துவமனையிலேயே இருந்தாலும், மத்திய அரசு பணம் தரும். அதாவது அந்த வரி முதியோருக்காகத் திறக்கப்பட்ட வாசல்.

அதைத் திறந்தவர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 65 கடந்த நோயாளிகளுக்காகப் பணம் கேட்கும் மாநிலம் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வகுக்க வேண்டும். பராமரிப்பு இல்லம் உள்ளிட்ட மாற்று வழிகளை வளர்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, மத்தியப் பணத்தை வாங்கிக்கொண்டு தன் சொந்த மனநலச் செலவைக் குறைக்கக் கூடாது என்று 1903-ஆம் பிரிவு தடுத்தது. செலவைக் குறைக்கத் துடித்த ஓர் அரசு எழுதும் வாக்கியமா இது? ஸ்கல்லின் வாதம் என்னைப் பொறுத்தவரை இடறுவது இங்கேதான். சட்டம் முதியோருக்குக் கூடுதல் செலவை விரும்பியது. மாநிலங்களோ அதே சட்டத்தில் வேறு கணக்கைப் பார்த்தன. மருத்துவமனையில் நெடுங்காலமாகச் செலவு மாநிலத்தினுடையது. பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினால் பாதியோ அதற்கு மேலோ மத்திய அரசினுடையது, தனித் திட்டம் போன்ற நிபந்தனைகளும் இல்லை.

எண்கள் இதற்கு ஒத்துப்போகின்றன. மாநில, கவுன்டி மனநல மருத்துவமனைகளில் 1955-இல் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். 1965-இல் சுமார் 4,75,000. 1975-இல் சுமார் 1,93,000. புதிய மனநோய் மருந்தான குளோர்ப்ரோமசின் வந்த முதல் பத்தாண்டில் இறக்கம் மெதுவானது, அடுத்த பத்தாண்டில்தான் சரிவு. பராமரிப்பு இல்லங்களில் மனநலக் கோளாறோடு இருந்த 65 வயது கடந்தோர் 1963-இல் ஏறத்தாழ 1,88,000 பேர், 1969-இல் 3,68,000.

இந்தக் கடைசி இணை எண்களைப் பார்த்து நான் துள்ளிவிடக் கூடாது. 1,88,000 பேர் மெடிக்கெய்டுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். போக்கு 1965-இல் தொடங்கவில்லை, வேகம் பெற்றது. திருப்பத்துக்கு ஒற்றை ஆண்டைச் சொல்லவும் முடியாது: மாநிலங்கள் 1966 முதல் வெவ்வேறு ஆண்டுகளில் மெடிக்கெய்டில் சேர்ந்தன, அரிசோனா 1982 வரை சேரவே இல்லை. இளைய நோயாளிகளின் வெளியேற்றத்தில் 1974-இல் நடைமுறைக்கு வந்த துணை வருமானத் திட்டத்தின் (முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்திய உதவித்தொகை) பங்கைப் பிரித்தறிவதும் கடினம். அந்தப் பகுதியில் ஸ்கல்லின் விளக்கம் இன்னும் வலுவாகவே நிற்கிறது.

முதியவர்கள் போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் உடன் போனார்களா? மெடிக்கெய்ட் கையெழுத்தாகி ஐந்தே நாளில், 1965 ஆகஸ்ட் 4 அன்று, இன்னொரு சட்டம் வந்தது. 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம் கட்டிடத்துக்கு மட்டுமே பணம் தந்தது. பணியாளர் சம்பளத்துக்கான பகுதி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் எதிர்ப்பால் நீக்கப்பட்டிருந்தது. 1965-இல் அது திரும்பி வந்தது: முதல் 15 மாதத்துக்கு 75 சதவீதம், பின் ஆண்டுக்கு ஆண்டு 60, 45, 30, மொத்தம் 51 மாதம். ஒரே வாரத்தில் முதியோருக்கு ஒரு பணவழி, மனநலப் பணியாளருக்கு ஒரு பணவழி. இரண்டும் சந்திக்கவே இல்லை. மையங்கள் தந்தாக வேண்டிய ஐந்து சேவைகள்: உள்நோயாளர் பிரிவு, புறநோயாளர் பிரிவு, பகுதிநேர அனுமதி, அவசர சிகிச்சை, ஆலோசனையும் கல்வியும். முதியோர் என்ற சொல் அதில் இல்லை. 1975-இன் திருத்தம்தான் முதியோருக்கான சேவையைக் கட்டாயமாக்கியது. செய்துகொண்டிருந்த ஒன்றைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. சட்ட வாசகத்திலிருந்து நடைமுறையை ஊகிக்கிறேன் என்ற குறையை ஏற்கிறேன். ஆனால் பத்தாண்டு மௌனத்துக்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை.

முதியோரும் மனநலப் பணியாளரும் இப்படிப் பிரிந்துபோனதை அலபாமாவின் பிரைஸ் மாநில மனநல மருத்துவமனை வழக்கு துலக்கமாகக் காட்டுகிறது. சிகரெட் வரி வருவாய் குறைந்ததால் 1970-இல் அங்கே 99 ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள்; வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கு அதிலிருந்து பிறந்தது. சுமார் 5,000 நோயாளிகளில் 1,500 முதல் 1,600 பேர் முதியோர். அவர்களுக்குக் காவல்தான் உண்டு, சிகிச்சை இல்லை, அவர்கள் மனநோயாளிகளே அல்லர் என்று நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் 1971-இல் பதிவுசெய்தார். 1972-இல் அவர் விதித்த அளவு: 250 நோயாளிகளுக்கு 2 மனநல மருத்துவர், 4 மருத்துவர், 12 பதிவுபெற்ற செவிலியர். சிகிச்சை பெறும் உரிமையின் வரலாற்றில் இது பெரிய தீர்ப்பு, அதன்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனாலும் அந்த விகிதம் மருத்துவமனையோடு கட்டப்பட்டது; அங்கே இருக்கக் கூடாதவர் என்று பிரிக்கப்பட்ட முதியவர் வெளியேறியபோது அவரோடு நடந்து போகவில்லை. ஊழியர் சம்பளம் ஏறியதால் நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள் என்கிறார் ஸ்கல். பிரைஸில் வரிசை தலைகீழ்: ஆளைக் குறைத்தார்கள், நீதிமன்றம் ஆளைக் கூட்டச் சொன்னது, கூட்டப்பட்ட ஆள் முதியோரைச் சேரவில்லை.

பராமரிப்பு இல்லங்களைச் சீர்திருத்திய 1987-ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயுள்ளவரை ஆராயாமல் சேர்க்கக் கூடாது என்று முன்பரிசோதனையைக் கொண்டுவந்தது. ஆனால் மறதிநோயை முதன்மை நோயாக உடையவர் அந்த 'மனநோய்' வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டார். 1890-க்குப் பின் எந்தத் தளர்ச்சி மனநோய் என்று பெயர் மாற்றப்பட்டு மாநில மருத்துவமனைக்குப் போனதோ, அதே தளர்ச்சி இப்போது மனநோய் அல்ல என்று பெயர் மாறி இல்லத்தில் தங்கியது. அந்தச் சட்டம் இல்லங்களுக்கு விதித்த பணியாளர் அளவு, நாளுக்கு 8 மணி நேரம் ஒரு பதிவுபெற்ற செவிலியர், இருபத்துநான்கு மணி நேரமும் உரிமம் பெற்ற ஒரு செவிலியர். மனநல மருத்துவர் அந்தக் கணக்கில் இல்லை.